மேல்மலையில் ஒரு வீடு, தீவில் ஒரு லாட்ஜ்

மதுரைக்காரருக்கு இரண்டு நாள் விடுமுறையும் கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தால் மேற்கே போகலாம், இல்லாவிட்டால் கிழக்கே போகலாம். மேற்கே வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். கிழக்கே பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி ராமேஸ்வரம். மலை நல்லதா, கடல் நல்லதா என்ற கேள்வியைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். இங்கே நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய விஷயம். ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கமாக அறை தேடுகிற ஒருவர் கொடைக்கானலையும் தாண்டிப் பூண்டிக்குப் போனால் அவருக்கு என்ன கிடைக்கிறது, ராமேஸ்வரத்தில் கடலோர லாட்ஜ் ஒன்றில் இறங்கினால் என்ன கிடைக்கிறது, இரண்டுக்கும் அந்தந்த ஊர் என்ன விலை கொடுக்கிறது என்பதுதான்.

‘வெப்பமண்டலத் தீவில் கடலைப் பார்த்த எளிய விடுதி’ என்றால் நம் ஆட்களுக்கு மாலத்தீவும் பாலியும் நினைவுக்கு வரும். ரயிலேறிப் போகக்கூடிய தீவு நம்மிடமே இருப்பது நினைவுக்கு வராது. ராமேஸ்வரம் இருக்கிற பாம்பன் தீவில் தென்னை உண்டு, பனை உண்டு, பவளப்பாறை உண்டு, எந்தப் பக்கம் போனாலும் கடல் உண்டு. ஆனாலும் ராமேஸ்வரத்தைத் தீவு என்று எண்ணிப் போகிறவர் குறைவு. கோயில் என்று எண்ணித்தான் போகிறோம். இந்த ஒரு எண்ணம் அந்த ஊர் லாட்ஜுகளின் ஜன்னல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதுவரை தீர்மானித்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூண்டி என்றவுடன் தஞ்சாவூர்ப் பக்கத்து மாதா கோயிலையோ திருவள்ளூர் நீர்த்தேக்கத்தையோ நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இது வேறு பூண்டி. கொடைக்கானல் மலைக் கிராமங்களை அந்தப் பக்கத்தில் மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு எல்லாம் காப்பி விளையும் கீழ்மலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை மேல்மலை. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவுதான் என்றாலும் பேருந்து வளைந்து வளைந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். பூம்பாறை வரை சுற்றுலா வேன்கள் கூட வரும். குழந்தை வேலப்பர் கோயிலையும் மலையடுக்கு வயல்களையும் படமெடுத்துக்கொண்டு பாதி திரும்பிவிடும். மன்னவனூர் ஏரியும் ஆட்டுப் பண்ணையும் மீதியை நிறுத்திக்கொள்ளும். அதற்கும் அப்பால் வண்டியில் உரமூட்டை, காய்கறிச் சாக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், உங்களைப் போல ஒன்றிரண்டு முதுகுப்பைக்காரர்கள் மட்டும்.

இரண்டு ஊருக்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு. இரண்டும் சாலை முடிகிற இடங்கள். பூண்டிக்கு அப்பால் கிளாவரையோடு தார்ச்சாலை முடிந்து மலை தொடர்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அப்பால் அரிச்சல்முனையோடு தார்ச்சாலை முடிந்து கடல் தொடர்கிறது. இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் வழி இத்தோடு நின்றதில்லை. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய்க் கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம் என்று 1914 முதல் ஓர் ஏற்பாடு இருந்தது. போட் மெயில் என்றால் இன்றும் பெரியவர்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து சில காலம் கப்பல் ஓடி, இலங்கையின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் அதுவும் நின்றது. மலைப்பக்கத்தில் இவ்வளவு சோகம் இல்லை. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன், மூணாறு என்று போன பழைய சாலையை 1990-இல் மூடினார்கள். வனத்துக்கு அது நல்லது. பூண்டி அந்தச் சாலையில் இல்லை என்றாலும், மேல்மலைக் கிராமத்தாருக்குக் கிளாவரை முகட்டைத் தாண்டி வட்டவடைப் பக்கம் நடந்து போய்வருகிற பழக்கம் நெடுநாளாக உண்டு. அங்கும் தமிழ் பேசும் குடும்பங்கள், இங்கும் தமிழ் பேசும் குடும்பங்கள், நடுவில் மாநில எல்லை.

சாலை முடிகிற ஊரில் தங்குவதற்கு ஒரு குணம் உண்டு. வழியில் தங்குகிறவர் அங்கே யாரும் இல்லை. வந்தவர் எல்லாம் அந்த ஊருக்கென்றே வந்தவர். ஒற்றுமை இத்தோடு முடிந்தது. இனி எல்லாம் வேற்றுமை.

ராமேஸ்வரம் பல நூற்றாண்டுகளாக அந்நியரைத் தங்கவைத்துப் பழகிய ஊர். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் உண்டு, குஜராத்திகளும் மார்வாடிகளும் கட்டிய தர்மசாலைகள் உண்டு, மடங்கள் உண்டு, அக்னி தீர்த்தத்துக்கு அருகே கடலைப் பார்த்தபடி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு உண்டு. இவற்றுக்கு நடுவே எண்ணற்ற லாட்ஜுகள். வரவேற்பு மேஜையில் இருப்பவர் தமிழில் தொடங்கி, உங்கள் முகத்தைப் பார்த்துத் தெலுங்குக்கோ இந்திக்கோ மாறிக்கொள்வார். ஆதார் அட்டை, முன்பணம், இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு. காலை நான்கு மணிக்கு வந்தால் மறுநாள் காலை நான்கு மணிவரை அறை உங்களுடையது. இந்த இருபத்து நான்கு மணிக் கணக்கு கோயில் ஊர்களுக்குப் பொருத்தமானது. நட்சத்திர ஓட்டல்கள் பகல் பன்னிரண்டு என்று ஒரே மணியை வைத்துக்கொண்டு விருந்தாளியை அதற்கு வளைக்கின்றன. ராமேஸ்வரத்து லாட்ஜுக்கு ரயில் எப்போது வரும் என்று தெரியும், ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணிக்கு என்று தெரியும், குளித்து முடித்த குடும்பம் ஈரத்துணியோடு எத்தனை மணிக்குத் திரும்பும் என்றும் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அறையில் சும்மா இருக்க வந்தவரை என்ன செய்வது.

கடலோர லாட்ஜில் நான் முதலில் கவனித்தது ஜன்னல். கடல் நூறடி தூரத்தில் இருக்க, அறையின் ஜன்னல் எதிர்த்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டியவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய வாடிக்கையாளர் கோபுரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர். விளம்பரப் பலகைகளிலும் ‘கோயிலுக்கு இத்தனை அடி தூரம்’ என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். கடல் இருப்பது நீராட. நீராடியவருக்கு அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்கள் காத்திருக்கின்றன. கடலைப் பார்த்த பால்கனி என்பது அண்மைக் காலத்து ஆசை. அப்படிப்பட்ட அறைகளும் வந்துவிட்டன, வாடகையும் அதற்கேற்ப ஏறிவிட்டது.

எளிய அறையின் உள்ளே உப்புதான் உரிமையாளர். ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கும், குழாய்த் திருகு பச்சை பூத்திருக்கும், ஏசியின் வெளிப்பெட்டி இரண்டு வருடத்தில் கிழவனாகியிருக்கும். குளியலறைத் தண்ணீரில் சோப்பு நுரைக்க மறுக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் தீவில் குடிக்கும் தண்ணீருக்கும் குளிக்கும் தண்ணீருக்கும் உள்ள பேதம் மறையவில்லை. விரிப்பு வெளுப்பாகத்தான் இருக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதில் இறங்கியிருக்கும். தரையைக் காலையில் பெருக்கினால் மாலையில் மணல். இவற்றைக் குறை என்று எழுதுகிறவர்கள் தீவு என்றால் என்னவென்று எதிர்பார்த்து வந்தார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. மாலத்தீவில் பெரும் பணம் வாங்கும் தங்குமிடங்கள் உப்பை மறைப்பதற்காகவே ஆள் வைத்திருக்கின்றன. நாம் கொடுக்கிற வாடகையில் அந்த ஆள் இல்லை.

பூண்டியில் வரவேற்பு மேஜையே கிடையாது. பேருந்து நின்றதும் யாராவது ஒரு பையன், “ரூம் வேணுமாண்ணே?” என்பான். முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் வீட்டுக்காரரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பார். சாலையிலிருந்து வயல் வரப்பு வழியாக இறங்கினால் அவருடைய வீடு, அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட இரண்டு மூன்று அறைகள். சில இடத்தில் வீட்டின் முன்கூடமே அறை. விடுதித் தொழில் இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன் வெளியாள் என்றால் உருளைக்கிழங்கு வியாபாரி, வன அலுவலர், வாத்தியார் ஆகியோர்தான். ஆகவே தங்க வந்தவரை எப்படி நடத்துவது என்பதற்கு இவர்களிடம் இருந்த ஒரே மாதிரி, சொந்தக்காரரை நடத்துவதுதான். செருப்பை எங்கே விடுவது என்பதிலிருந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து குளிர்காயலாமா என்பது வரை உறவுக்காரருக்கு உள்ள விதிகளே உங்களுக்கும்.

அறை என்று பார்த்தால் ராமேஸ்வரத்து லாட்ஜைவிட இது ஒரு படி கீழேதான். மின்சாரம் போகும், வரும். கைபேசிச் சிக்னல் வீட்டின் ஏதோ ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும், அந்த மூலையை வீட்டுச் சிறுமி காட்டித் தருவாள். தண்ணீர் மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு வருகிறது. அப்படியே குடிக்கலாம் என்று வீட்டார் சொல்வார்கள், காய்ச்சிக் குடிப்பது நல்லது. குளிக்க அண்டாவில் விறகு வைத்துக் காய்ச்சிய வெந்நீர், ஆளுக்கு ஒரு வாளி. மார்கழி, தை மாதங்களில் மன்னவனூர் போன்ற பள்ளப் பகுதிகளில் புல்மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் இரண்டு கம்பளி போதாது, மூன்றாவதைக் கேட்க வெட்கப்படக் கூடாது. பாம்பன் தீவில் ஆண்டு முழுக்க இரவு வெப்பம் பெரிதாக இறங்காது. மின்விசிறி நின்றால் ஊரே விழித்துக்கொள்ளும். இங்கே மின்விசிறிக்குக் கொக்கி கூட இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

ஆனால் பூண்டி அறையின் ஜன்னலைத் திறந்தால் இந்தக் குறையெல்லாம் கணக்கில் வராது. ஜன்னலுக்கு நேர்கீழே பூண்டு வயல், அதற்குக் கீழே கேரட், அதற்கும் கீழே பீன்ஸ், பள்ளத்தாக்கு வரை படிப்படியாக. எதிர் மலையில் பைனும் யூகலிப்டஸும், சீகை என்று இங்கே சொல்கிற வாட்டிலும் நடப்பட்ட காடு. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் வெளிநாட்டு மரம் வந்தது ஒரு நூற்றாண்டுத் தவறு என்று தாவரவியலாளர்கள் சொல்வது சரிதான், என்றாலும் மாலை வெயிலில் அதுவும் அழகாகத்தான் தெரிகிறது. விடியும்போது காட்டெருமைக் கூட்டம் வயலோரம் நிற்கும். நமக்கு அது காட்சி. வீட்டுக்காரருக்கு அது இராத்திரி முழுக்கக் காவல். காட்டுப்பன்றி வேறு உருளைக்கிழங்கைத் தோண்டிப்போடும்.

சாப்பாட்டில் இரண்டு ஊரும் எதிரெதிர்த் துருவம். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள், வட இந்தியத் தாலி, குஜராத்திச் சாப்பாடு எல்லாம் உண்டு. நீங்கள் எந்த மாநிலமானாலும் உங்கள் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். விசித்திரம் என்னவென்றால், மீன்பிடித் துறைமுகம் வைத்திருக்கிற ஒரு தீவில் தீவின் சாப்பாடு கிடைக்க நீங்கள் கோயில் வீதியை விட்டு வெளியே வர வேண்டும். தனுஷ்கோடிப் பாதையில் ஓலைக் கொட்டகை போட்ட கடைகளில் அன்று பிடித்த மீனை மசாலா தடவிப் பொரித்துக் கொடுப்பார்கள். நண்டும் கணவாயும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் கூடுதல். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் இதை அறியாமல் கடைக்காரரிடம் சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

பூண்டியில் பட்டியல் அட்டை இல்லை. மத்தியானமே கேட்டுவிடுவார்கள்: “ராத்திரிக்கு என்ன தம்பி? இப்பவே சொன்னாத்தான் கோழி பிடிக்க முடியும்.” சொல்லாவிட்டால் சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல், முட்டை. சொன்னால் நாட்டுக்கோழிக் குழம்பு, அதில் உரித்த பூண்டு முழுசு முழுசாக. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமவெளிப் பூண்டைவிட நெடி அதிகம், நாள்பட இருக்கும். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்து, தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவார்கள். நீங்கள் குளிர்காய உட்காரும் அடுப்பங்கரையில் தலைக்கு மேலே தொங்குவதுதான் அந்தக் குடும்பத்தின் சேமிப்பு. ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர் எதனால் வாழ்கிறார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வராது, உங்களால்தான் வாழ்கிறார். பூண்டியில் வீட்டுக்காரருக்கு நீங்கள் இரண்டாம் வருமானம். பூண்டுக்கு விலை இருந்தால் உங்களிடம் வாடகை பேரம் பேசக்கூட மாட்டார். பூண்டு சரிந்த ஆண்டில் ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்’ என்பார்.

எனக்கு இரண்டு ஊரும் பிடிபட்டது இந்த இடத்தில்தான். ராமேஸ்வரத்தில் உபசரிப்பு ஒரு தொழில், அதற்கு உண்டான நேர்மையும் அலுப்பும் இரண்டும் அதில் உண்டு. பூண்டியில் உபசரிப்பு இன்னும் தொழிலாகி முடியவில்லை. வாடகை எவ்வளவு என்று கேட்டால் கணவர் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்.

இரவும் வேறு வேறு. அரிச்சல்முனைக்குச் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் ஜீப்பும் வேனும் மணலில் குதித்துப் போன காலம் ஒரு சாகசம். இப்போது பேருந்திலேயே போகலாம். ஆனால் பொழுது சாய்ந்ததும் வெளியாரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தங்க முடியாது. தனுஷ்கோடியில் புயலில் சிதைந்த தேவாலயத்தின் அருகே குடிசை போட்டிருக்கும் மீனவர்கள் மட்டும் அங்கே இரவைக் கழிக்கிறார்கள். தனுஷ்கோடிக்காரர்கள் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும், தொழில் வடபக்கம் மாறும். வாடைக் காலத்தில் தலைகீழ். அக்னி தீர்த்தம் இருப்பது பெண் கடல் பக்கம் என்பதால்தான் ஏரிபோல் கிடக்கிறது. அலையை எதிர்பார்த்து வருகிற சுற்றுலாப் பயணி அதைக் கண்டு ஏமாறுவார், நீந்தத் தெரியாத பாட்டி அதற்காகவே அதை நம்பி இறங்குவார். இரவு பத்து மணிக்கு மேல், கடைசிக் குடும்பமும் எழுந்துபோன பிறகு, அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்தால் தொலைவில் படகு விளக்குகள் தெரியும். அந்தப் படகுகளில் எது எல்லை தாண்டியது என்று மறுநாள் செய்தி வரக்கூடும் என்பதும் நினைவில் இருக்கும். 1974-இல் இலங்கை வசமான கச்சத்தீவைப் பற்றிப் பேசாத டீக்கடை இந்தத் தீவில் இல்லை.

பூண்டியில் ஏழு மணிக்குக் கடை சாத்தினால் இரவு தொடங்கிவிடும். வெளியே போய்ச் செய்ய ஒன்றுமில்லை, நாய் குரைத்தால் எருமை வந்திருக்கிறது என்று பொருள். வெளிச்சம் இல்லாததால் வானம் நெருங்கி வந்து நிற்கும். இதுவரை சொன்னதை வைத்து மேல்மலைக்குத்தான் என் ஓட்டு என்று நினைக்கலாம். பொறுங்கள், ஊர் கொடுக்கும் விலையைப் பார்க்க வேண்டும்.

பூண்டி, மன்னவனூர் என்று இணையத்தில் தேடினால் பூண்டு வருவதற்கு முன் போதைக்காளான் வருகிறது. மழைக்குப் பிறகு புல்வெளியில் முளைக்கும் காளான் ஒன்றைத் தேடிப் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பையன்கள் கூட்டமாக வருகிறார்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பறித்துக் கொடுத்துச் சில நூறு ரூபாய் பார்க்கிற உள்ளூர் இளைஞர்கள் கைதாகும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. வாங்க வந்தவர் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடுகிறார், வழக்குக்கு அலைவது மேல்மலைப் பையன். ஒரு வீட்டில், இரவுச் சாப்பாட்டின் நடுவே, அந்த வீட்டு அம்மா எங்களைப் பார்த்து, “நீங்க அதுக்கு வந்தவங்க இல்லையே சாமி?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

இன்னொன்று நிலம். பள்ளத்தாக்கைப் பார்த்த வயல் ஒன்று விற்கப்பட்டால் அடுத்த ஆண்டு அதில் கண்ணாடிச் சுவர் வைத்த காட்டேஜ் நிற்கிறது. முன்னாள் விவசாயி அதற்குக் காவலாள். குடிநீர் ஊற்று அதே ஊற்று, குழாய் மட்டும் கூடுதல். குப்பையை எடுத்துப்போக மலைக் கிராமத்தில் ஏற்பாடு குறைவு. ஆகவே பீர் பாட்டிலும் சிப்ஸ் உறையும் ஓடையில்தான் சேர்கின்றன. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் கோடைக் காலத்துக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இவையெல்லாம் ஏரியைச் சுற்றி நெரிசலில் நிற்கும் நகரத்துக்கான கணக்கு. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு தெருவும் நான்கு சந்துகளும் உள்ள ஊர் எத்தனை விருந்தாளியைத் தாங்கும் என்று யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

ராமேஸ்வரத்துக்கு இந்தப் பயம் கிடையாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பெருங்கூட்டம் வந்து நீராடிப் போகிறது, ஊர் அசைவதில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரல் 6-இல் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கும்வரை இரண்டு ஆண்டுக்கு மேல் தீவுக்கு ரயிலே இல்லை. அப்போதும் லாட்ஜுகள் பிழைத்தன, யாத்திரிகர் மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் வந்தார்கள். அதற்காக ஊருக்கு வலி இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீராடியவர்கள் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுப்போகும் வழக்கம் இருக்கிறது. விடிந்தால் துப்புரவுப் பணியாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தத் துணியை இழுத்துக் குவிக்கிறார்கள். புண்ணியம் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு. ஆனால் யார் சுமப்பது என்பதாவது அங்கே முடிவாகியிருக்கிறது. பூண்டியில் அதுவும் முடிவாகவில்லை.

மாலத்தீவை மறுபடி இழுக்கிறேன், காரணம் இருக்கிறது. அங்கே சுற்றுலா 1972-இல் தொடங்கியது; வளர வளர வெளிநாட்டவருக்குத் தனித் தீவு, உள்ளூராருக்குத் தனித் தீவு என்று பிரித்துவைத்தார்கள். 2009-க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதி நடத்த அனுமதி வந்தது. மாபுஷி போன்ற தீவுகளில் மீனவர் வீட்டுப் பக்கத்திலேயே எளிய அறைகள் வந்தன. கூடவே ஊர்க்கட்டுப்பாடும் வந்தது: ஊர்த் தெருவில் உடம்பை மூடி நடக்க வேண்டும், மது கிடையாது, நீச்சலுடைக்குத் தட்டி போட்ட ஒரு தனிக் கடற்கரை. விருந்தாளி முணுமுணுத்தாலும் அதற்கு உட்படுகிறார், தொழிலும் நடக்கிறது. நாலு காசு கொடுத்துத் தங்குகிறவருக்கு ஊர் விதி சொல்லக்கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. ராமேஸ்வரத்தில் அந்த விதியைக் கோயில் சொல்லிவிட்டது. மேல்மலையில் சொல்ல ஊர்க்கூட்டமும் ஊராட்சியும் இருக்கின்றன, அவை வாயைத் திறக்க வேண்டும்.

தீர்ப்பு கேட்டால் இப்படிச் சொல்வேன். வயதான பெற்றோர், சின்னக் குழந்தை, ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் தாங்காதவர்கள் தீவுக்குப் போகலாம். லாட்ஜ் உங்களை நேசிக்காது, கைவிடவும் செய்யாது. மாசி, பங்குனியில் போனால் மழையும் இருக்காது, வெயிலும் உச்சத்துக்கு ஏறியிருக்காது. அறை எடுக்கும்போதே கடல் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவருக்குத் தண்ணீர்த் தொட்டிதான்.

தங்குவதற்காகவே தங்குகிறவர், இன்னொருவர் வீட்டில் எப்படி இருப்பது என்று அறிந்தவர், பூண்டிக்குப் போகலாம். அறையில் தோற்றாலும் இருப்பில் பூண்டிதான் மேல் என்பது என் முடிவு. அதனாலேயே எல்லோரும் அங்கே போக வேண்டாம் என்றும் சொல்வேன். போகிறவர்கள் அரசுப் பேருந்தில் போங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன குப்பையை வத்தலக்குண்டு வரை திரும்பக் கொண்டுவாருங்கள். காளான் பேச்சை எடுக்காதீர்கள். வரும்போது பூண்டை வீட்டுக்காரரிடமே, அவர் சொன்ன விலைக்கே, ஒரு கட்டு வாங்கி வாருங்கள்.